பேரேடும் வேண்டும், மென்பிரதியும் வேண்டும்

அலுவலகக் கணினியால் வரும் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஓய்வுபெறும் வயதை நெருங்கும் உத்தியோகத்தர்களைத்தான் எல்லோரும் சுட்டுகிறார்கள். அவர்களுக்குக் கணினி பழக்கமில்லை, அதனால்தான் பதறுகிறார்கள் என்பது பொதுவான தீர்ப்பு. திருகோணமலை நகரில் ஓர் அரச அலுவலகத்தின் கணக்குக் கிளையில் (எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்) நெடுங்காலமாக வேலை செய்துவரும் எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. எங்கள் கிளையில் மிகவும் களைத்துப்போவது கணினி நன்றாகத் தெரிந்தவர்கள்தான். புதிய கருவி வந்தபோது பழைய வேலை போகவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஒரு சாதாரணக் கொடுப்பனவை எடுத்துக்கொள்வோம். வவுச்சர் கையால் நிரப்பப்பட்டுப் பேரேட்டில் பதியப்படுகிறது. அதே தொகை மென்பொருளிலும் ஏற்றப்படுகிறது. அதிலிருந்து அச்சிட்ட தாள் கையொப்பத்துக்குப் போய்த் திரும்பியதும் ஸ்கேன் செய்யப்பட்டு மின்னஞ்சலில் அனுப்பப்படுகிறது. மின்னஞ்சலைப் பார்க்க நேரமில்லாதவர்கள் அந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு வன்பிரதி தபாலில் போகிறது.

இதற்கிடையில் எழுத்துருத் தொல்லை வேறு. பழைய கடிதங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை; இணையப் படிவங்களோ யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டை மட்டுமே ஏற்கின்றன. பழைய கடிதமொன்றை வெட்டி ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒன்று திரையில் வந்து நிற்கும். எழுத்துரு மாற்றியில் இட்டு எடுத்தாலும், எங்கோ ஒரு கொம்போ புள்ளியோ இடம் மாறியிருக்கும் என்பதால் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். எங்கள் கிளையில் இதைச் செய்யத் தெரிந்தவர் ஓர் இளம் முகாமைத்துவ உதவியாளர். "பிள்ளை, இதை ஒருக்கா மாத்தித் தாங்கோ" என்று காலை முதல் யாராவது ஒருவர் அவரது மேசையருகே நிற்பார்கள். அவரது சொந்த வேலை மாலை 4.15க்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவரது கடமைப் பட்டியலில் இந்த உதவிக்கு இடமில்லை, மேலதிக நேரக் கொடுப்பனவிலும் இல்லை.

தொழில்நுட்பத்தால் விளையும் இந்த அழுத்தத்துக்கு அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் புரோட் 1984இலேயே 'டெக்னோஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்து எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதன் காரணிகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: வேலைச்சுமை கூடுதல், சொந்த வாழ்வுக்குள் வேலை நுழைதல், கருவிகளின் சிக்கல், வேலை பறிபோகும் அச்சம், ஓயாத மாற்றம். நிரந்தர நியமனம் பெற்ற எங்களைப் போன்றோருக்கு நான்காவது அவ்வளவாக உறைப்பதில்லை. முதலிரண்டும்தான் எங்களை வாட்டுகின்றன.

இரண்டாவது காரணி 2020இல் ஊரடங்கோடு வந்தது. அலுவலகம் பூட்டியிருந்த நாட்களில் உதவிய வாட்ஸ்அப் குழுக்கள், கதவு திறந்த பிறகும் கலையவில்லை. இரவு ஒன்பது மணிக்கு "நாளை காலை 9 மணிக்கு முன் தரவும்" என்று ஒரு செய்தி வரும். டச்சுக் குடாக் கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுத் திரையைத் தடவிக்கொண்டிருக்கும் சக ஊழியர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் அப்போது செய்தி வந்திருக்கவில்லை. வந்தாலும் வரலாம் என்ற காத்திருப்புத்தான் ஆளைத் தின்கிறது. வேலை முடிந்த பின் மனமும் வேலையைவிட்டு விலகினால்தான் உடல் தேறும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சொன்னென்டாக் பல காலமாக ஆராய்ந்து எழுதிவருகிறார்.

மேலதிகாரிகளுக்கு இது தெரியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆய்வாளர் குளோரியா மார்க்கும் அவரது கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இடையிடையே குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள். ஆனால் அழுத்தமும் எரிச்சலும் அவர்களிடம் கூடியிருந்தன. வேலை முடிந்ததா என்று மட்டும் பார்க்கும் மேலதிகாரியின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே நடப்பதுபோலத் தோன்றும்.

பேரேட்டை விடமாட்டேன் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2023இல் அரசாங்க மேகக்கணிமையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் அழிந்தன. அதைப் பார்த்த ஒருவர் தாளை நம்புவதைப் பிழையென்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த அவநம்பிக்கைக்கான விலையைக் காப்புப்பிரதி எடுக்கத் தவறியவர்கள் கொடுக்கவில்லை. ஒரே தொகையை மூன்று இடங்களில் எழுதும் எழுதுவினைஞர்தான் கொடுக்கிறார்.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பறுத்திருக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டமிருக்கிறது. அவுஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் அத்தகைய உரிமை நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று தனியார் துறைக்கு வரையறுக்கிறது. ஆனால் இரவில் வரும் குறுஞ்செய்தி அதற்குள் அடங்குமா என்பதை அந்தக் காலத்தில் யார் நினைத்திருப்பார்கள்? எங்கள் கிளைத் தலைவர் சட்டத்துக்காகக் காத்திராமல், அவசரமென்றால் அழையுங்கள், மற்றவை காலையில் பார்க்கப்படும் என்று சொல்லிவிட்டார். இரவு அழைப்புகள் அநேகமாக வருவதேயில்லை. அழைத்துக் கேட்கக் கூச்சப்படும் அளவுக்குத்தான் அந்த அவசரங்கள் இருந்திருக்கின்றன.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. உவர்மலையில் ஒரு மண்டபத்தில் மன அழுத்தக் குறைப்புப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். மூச்சுப்பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் படங்களை உடனே குழுவில் பகிரும்படி அறிவித்தார்கள். இதற்குச் செலவிடும் பணத்தில் குறை காண்பது என் நோக்கமல்ல. புதிய மென்பொருளொன்றை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு சுற்றறிக்கையிலும், எந்த இடாப்பு எந்தத் திகதியோடு நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்தால், அது பத்துப் பட்டறைகளைவிட அதிகம் உதவும் என்றே சொல்கிறேன். எங்கள் கிளையில் நிறுத்தக்கூடிய இடாப்புகள் எவையென்று பட்டியலிட்டு மேலிடத்துக்கு அனுப்பினோம். அதன் மென்பிரதியையும் கேட்டிருக்கிறார்கள், யூனிகோடில்.