நூற்று முப்பதா, நூற்று எண்பதா

கோயம்பேட்டு கமிஷன் மண்டிகளுக்காக நாங்கள் செய்த கணக்குச் செயலியை முதன்முதலில் மேடையேற்றியது தரமணியில். முன்வரிசையில் முதலீட்டாளர்கள், பின்னால் எங்களைப் போன்ற சின்ன நிறுவனக்காரர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

நிறுவனத்தின் பெயர், நாங்கள் யார், சந்தை எவ்வளவு பெரியது என்று சொல்லி முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. சரி, செயலியைத் திறக்கலாம் என்று பார்த்தால் ஓடிபி வரவில்லை. அரங்கத்துக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. "இப்ப வந்துடும் சார்" என்று மூன்று முறை சொன்னேன். வந்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஓடிபியைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தேன். உடன் வேலை பார்க்கும் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, ஓடிபி வந்திருந்தாலும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. மண்டியில என்ன கஷ்டம்னு நாம சொல்லவே இல்லையே."

அது உண்மை. அந்தக் கஷ்டம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பல இரவுகள் கோயம்பேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். விடியும் முன்பே லாரி வந்துவிடும். பெட்டி இறங்க இறங்க விலை பேசி, கணக்குப்பிள்ளை சிட்டை எழுதுவார். யாருக்கு எத்தனை பெட்டி, என்ன விலை, ரொக்கமா கடனா, எல்லாம் உள்ளங்கை அளவுத் தாளில். தக்காளிச் சாறு பட்டு மை கலங்கியிருக்கும். வியாபாரம் ஓய்ந்த பிறகு, தூக்கம் சொக்கும் கண்களோடு அத்தனையையும் பேரேட்டில் ஏற்றுவார். ஒரு சிட்டை தவறினால் அந்தக் கடன் எந்தக் கணக்கிலும் இருக்காது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, மேடையில் சந்தையின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாய்ப்புக்குத் தயாரானபோது, அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய செயல்விளக்கத்தின் பழைய பதிவைப் பார்த்தேன். கணினி மவுஸைப் பொதுமேடையில் காட்டிய நிகழ்ச்சி, சுமார் 90 நிமிடம். அவர் இயக்கிய கணினி பல மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு அவர் திரையில் காட்டியவற்றில் ஒன்று, கடையில் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல். வாழைப்பழம், கேரட் என்று. எந்த வீட்டிலும் எழுதும் பட்டியல்தான், ஆனால் கருவி என்ன செய்கிறது என்பது சட்டென்று விளங்கிவிடுகிறது. எனக்கு அது பெரிய தைரியம் கொடுத்தது.

இரண்டாவது முறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், ஒரு கண்காட்சிக்கு நடுவே. இந்த முறை செயலிக்குள் முன்பே நுழைந்து வைத்திருந்தோம். இரண்டு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட், அதுவும் போனால் போடுவதற்கு ஒரு வீடியோ. கறுப்புத் திரை புரொஜெக்டரில் மங்கும் என்பதால் வெள்ளைக்கு மாற்றினோம். கடைசி வரிசையில் நின்று பார்த்து எழுத்தைப் பெரிதாக்கினோம். 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று இருந்த பெயர்களை மாற்றி, மண்டியில் புழங்குவது போன்ற பெயர்களை நாங்களே வைத்தோம். உண்மையான வியாபாரியின் கணக்கை மேடையில் காட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நம்பித் தந்த கணக்கு அது.

பேசப் போவது தமிழில் என்றும் முடிவு செய்தோம். சிட்டை, பற்று, நிலுவை என்ற சொற்களை ஆங்கிலத்தில் சொன்னால் மண்டியின் வாசனையே போய்விடுகிறது.

மேடையேறியதும் வணக்கம் சொல்லிவிட்டு ஒரு சிட்டையைத் திரையில் காட்டினேன். பெயர் இருந்த இடத்தை மறைத்திருந்தேன். "40 பெட்டி தக்காளி. பெட்டி என்ன விலைன்னு யாராவது படிச்சுச் சொல்லுங்க." முன்வரிசையில் ஒருவர் 130 என்றார். பின்னாலிருந்து 180 என்று ஒரு குரல். அரங்கம் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. "பெட்டிக்கு 50 ரூபாய் வித்தியாசம். 40 பெட்டிக்கு 2,000. எழுதினவருக்கே சந்தேகம் வந்து, வாங்கினவரைத் தேடிப் போய்க் கேட்டார். விலை 180." அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் அதே சரக்கைச் செயலியில் பதிந்து பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் நின்றேன். அந்த மூன்று நான்கு விநாடி மௌனத்தைப் பழகத்தான் வீட்டில் அதிக நேரம் எடுத்தது. வாய் தானாக எதையாவது சொல்லப் பார்க்கும். வாங்குபவராக மறுகோடியில் நின்ற என் சகாவின் போன் ஒலித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "40 பெட்டி, 180, மொத்தம் 7,200" என்று அவள் உரக்கப் படித்தாள்.

கேள்வி நேரத்தில் ஒருவர், "நெட் இல்லைன்னா?" என்றார். "இப்போதைக்கு வேலை செய்யாது. அதைத்தான் அடுத்து செய்துகொண்டிருக்கிறோம்" என்றேன். முதல் முறையாக இருந்திருந்தால் சுற்றி வளைத்திருப்பேன்.

கீழே இறங்கியதும் வயதான ஒருவர் வந்து அந்தச் சிட்டையைக் கேட்டு வாங்கினார். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறும் முன், கொத்தவால் சாவடியில் அவருடைய அப்பாவுக்குக் கடை இருந்ததாம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நூற்று எண்பதேதான் தம்பி. எங்கப்பாவும் எட்டை இப்படித்தான் மூடாம விடுவார்."