கரடியாற்று முகத்தின் நிலக்கரி: நாட்குறிப்பு

ஜூலை 14, 2018

கனடாவின் வடமேற்கு ஆட்புலத்தில், 31,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரேட் பேர் (பெருங்கரடி) ஏரியின் நீர் கரடியாறாக வெளியேறி மெக்கன்சி ஆற்றுடன் கூடும் இடத்தில் உள்ளது துலிட்டா. கோடையில் சாலைவழி கிடையாது. சிறு விமானத்தில் வந்திறங்கினேன்.

ஜூலை 15

ஆற்றங்கரையில் மண் சரிந்த இடங்களில் பழுப்பு நிலக்கரி அடுக்குகள் வெளித்தெரிகின்றன. நெய்வேலியில் வெட்டப்படும் இனமே இது. கையில் எடுத்த கட்டியில் மரத்தின் நார்வரிகள் தெளிவாகத் தெரிந்தன. ஈரம் உலர்ந்ததும் விரிசல்விட்டு, மாலைக்குள் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிட்டது. சில இடங்களில் அடுக்குக்கு மேலுள்ள களிமண், நிலத்தடி நெருப்பில் வெந்து செங்கல் நிறமாகியிருக்கிறது.

ஜூலை 16

இன்று முழுவதும், இந்த ஆற்றுக்குப் பெயர் தந்த ஆய்வுப் பயணி அலெக்சாண்டர் மெக்கன்சியின் பயணக் குறிப்புகளைப் படித்தேன். ஆர்க்டிக் கடல்வரை சென்று திரும்பும் வழியில், 1789 ஆகஸ்டு தொடக்கத்தில், இவ்விடத்தருகே கந்தக நெடி வீசியதையும், நெடுந்தொலைவுக்குக் கரையே எரிந்துகொண்டிருந்ததையும் அவர் பதிவு செய்கிறார். பழைய முகாம் ஒன்றின் தீ நிலக்கரியில் பரவியதாக அவர் கருதினார். ஆனால் காற்றுப்படும் பழுப்பு நிலக்கரி ஆக்சிஜனேற்றத்தால் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடியது என்பதால், முகாம்தீ இல்லாமலும் இது நிகழக்கூடும்.

என்னை நிறுத்திய வரி அடுத்தது. அவருடன் வந்த, ‘இங்கிலீஷ் சீஃப்’ என்று குறிக்கப்படும் பழங்குடித் தலைவர், மென்மையான கரித்துண்டுகளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டார். பழங்குடியினர் முள்ளம்பன்றி முட்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவது இதனால்தான் என்று விளக்கினார். ஆகவே, நிலக்கரியைக் ‘கண்டுபிடித்ததாக’ச் சொல்லப்படும் அந்தக் குறிப்பிலேயே, அதை முன்பே அறிந்து பயன்படுத்தியவர்களின் சாட்சியமும் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இங்குள்ள டெனே மக்கள், யமோரியா என்ற மாவீரர் பெரும் பீவர்களை (ஆற்றில் அணைகட்டி வாழும் விலங்குகளை) கொன்று சமைத்தபோது சொட்டிய கொழுப்பே இக்கரையில் எழும் புகைக்குக் காரணம் என்பார்கள்.

ஜூலை 18

1825-27இல் ஆர்க்டிக் ஆய்வுப் பயணி ஜான் பிராங்கிளினுடன் வந்து ஏரிக்கரையில் குளிர்காலம் கழித்த ஜான் ரிச்சர்ட்சன் இவ்வடுக்குகளை விரிவாக விவரித்தார். ஆயினும் பிற்காலத்தவர் தேடியது வேறு: 1920இல் மெக்கன்சி ஆற்றங்கரையிலுள்ள நார்மன் வெல்ஸில் எண்ணெய், 1930இல் ஏரியின் கிழக்குக் கரையில் யுரேனியக் கனிமம். அந்தத் தாதுமூட்டைகளைச் சுமந்த டெனே மக்களின் துயரத்தை நினைக்கும்போது, ஈரம் மிகுந்து, வெப்பம் குறைந்து, குவித்து வைத்தால் தீப்பற்றும் இந்தக் கரியை எவரும் பெரிய அளவில் வெட்டி எடுக்காததில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.