சின்ன ரிவால்வரில் என் ஓட்டு ரூகருக்கு
அமெரிக்காவில் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் சின்ன ரிவால்வர் என்றால் பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும்: ஸ்மித் அண்ட் வெசன் 642, ரூகர் எல்.சி.ஆர். இரண்டுமே .38 ஸ்பெஷல் வகைத் தோட்டாவைச் சுடுபவை, ஐந்து தோட்டா கொள்ளும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமர் உள்ளேயே இருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது.

என் ஓட்டு 2009-இல் வந்த ரூகருக்குத்தான். 642-இன் விசை (டிரிகர்) இழுக்க இழுக்க இறுகும். ரூகரில் உள்ளே இருக்கும் கேம் (cam) என்ற வளைவான பாகம் அந்த இறுக்கத்தைக் குறைத்துவிடுவதால் கடைசிவரை சீராக வரும். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லாத துப்பாக்கியில், இழுப்பில் சின்ன நடுக்கம் வந்தாலே குறி விலகிவிடும்.

ஆனால் எடை 400 கிராமுக்கும் குறைவு, சுட்டால் உள்ளங்கையில் நன்றாகவே அடிக்கும். கை வலித்தால் பயிற்சியைத் தள்ளிப்போடத் தோன்றும், எனக்கு அதுதான் கவலை. அப்படிப்பட்டவர்களுக்கு 2017-இல் மறுபடி வந்த, கோல்ட் (Colt) நிறுவனத்தின் கோப்ரா ரிவால்வரைச் சொல்வேன்: எஃகு உடம்பு, ஆறு தோட்டா, சுமார் 700 கிராம். கால்சட்டைப் பைக்கு ஆகாது, இடுப்பு உறைதான் சரி.

அப்புறம், எதை வாங்கினாலும் விசையை முழுக்க மூடும் உறை இல்லாமல் பையில் போடாதீர்கள். அதே பையில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம்.