உடைந்தால் மட்டும் போதாது

இந்த ஆண்டு மலரில் வரும் செயலாளர் அறிக்கையைப் படித்துத் திருத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி, சென்ற ஆண்டு நம் சங்கம் 'பால்கனைஸ்' ஆகிவிட்டது, அதாவது பகைத்துக்கொண்டு துண்டு துண்டாகிவிட்டது என்று சொன்னது. நடந்தது எல்லோருக்கும் தெரியும். பொங்கல் விழாவை எந்த மண்டபத்தில் வைப்பது என்று தொடங்கிய பேச்சு இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் போய் நின்றது. அந்த வரியின் கீழே கோடு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது சேலத்தில் நம் பள்ளிக்கூடம்தான்.

1991இல் பிளஸ் ஒன் சேர்ந்த புதிது. ஜூன் 25ஆம் தேதி ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் யூகோஸ்லாவியாவை விட்டுப் பிரிவதாக அறிவித்தன. அதே நாளில்தான் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. மேட்டூர் அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு எது பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில சார் மட்டும் இரண்டு செய்தியையும் ஒரே மாதிரி கவலையோடு படித்தார். பூகோள அறையிலிருந்து ஐரோப்பா படத்தை வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். துணி ஒட்டிய பழைய படம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருக்கும். யூகோஸ்லாவியா அதில் ஒரே இளம்பச்சையாக இருந்தது.

கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதினார். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அழுத்தி எழுதினார், ஒரு இடத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதால். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மழை மேகம் இறங்கிய சேர்வராயன் மலை தெரிந்தது.

"பால்கன்னா துருக்கி மொழியில காடு அடர்ந்த மலை. பல்கேரியாவுக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கு, நமக்கு இது கிடக்கிற மாதிரி. யாரோ நம்ம மலையோட பேரை வெச்சு, அடிச்சுக்கிட்டுப் பிரியறதுக்கு ஒரு வார்த்தை உண்டாக்கினா உனக்கு எப்படிடா இருக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அது இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம்தான் கதையைச் சொன்னார். துருக்கியின் ஒட்டோமான் பேரரசு தளரத் தளர, பால்கன் மலையைச் சுற்றிய தென்கிழக்கு ஐரோப்பாவில் சிறு நாடுகள் எழுந்தன. 1878இல் பெர்லினில் வல்லரசுகள் கூடி உட்கார்ந்து எல்லைகளை வெட்டி ஒட்டின. 1912இல் செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மாண்டிநீக்ரோ நான்கும் ஒன்றாகச் சேர்ந்து துருக்கியை அடித்தன. வென்ற நிலத்தைப் பங்கு போடுவதில் தகராறு. 1913 மே மாதக் கடைசியில் சமாதானக் கையெழுத்து ஆனது. சரியாக ஒரு மாதத்தில் பல்கேரியா தன் கூட்டாளிகளான செர்பியா மீதும் கிரீஸ் மீதும் பாய்ந்தது. மறு வருடம் போஸ்னியாவின் சரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசர் மீது பாய்ந்த துப்பாக்கிக் குண்டில் உலகப் போர் தொடங்கியது. அந்தப் போர் முடிந்த காலத்தில்தான் இந்தச் சொல் செய்தித்தாள்களில் பரவியது. பழியெல்லாம் அந்த மக்கள் தலையில் விழுந்தது. வெட்டி ஒட்டியவர்களின் பெயர் சொல்லுக்குள் இல்லை என்று சார் வருத்தத்தோடு சொல்வார். நம் நாட்டுக்கும் அந்த நிழல் வந்து போயிருக்கிறது. 1947 மே மாதம் மவுண்ட்பேட்டன் சிம்லாவில் காட்டிய, மாகாணங்கள் தனித்தனியே பிரிய இடம் தந்த முதல் திட்டத்துக்கு 'பிளான் பால்கன்' என்றே பெயர். நேரு கடுமையாக எதிர்த்த பிறகுதான் அது மாறியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லை எங்களுக்குள் ஆழமாக இறக்கியது டிசம்பர் மாதம்.

நடுவர் மன்ற உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருவனுடைய சித்தப்பா குடும்பம் இரண்டு பைகளோடு சேலம் வந்து இறங்கியது. அந்த வாரக் கட்டுரையில் அவன், இந்தியா பால்கனைஸ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட்டான். சார் மதிப்பெண் போடாமல் வைத்திருந்து, மறுநாள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன்.

"உன் கோபம் நியாயம்பா. சொல்லுதான் பொருந்தல. பகை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாடு உடையல. சித்தப்பா இங்க வரதுக்கு யார்கிட்டயாவது பாஸ்போர்ட் காட்டினாரா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"சரி. 1965இல நம்ம சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரி பிரிஞ்சுது. அது பால்கனைஸா?"

"இல்லீங்க சார். அங்க பகை இல்ல."

"அவ்வளவுதான். உடைஞ்சா மட்டும் போதாது, முறைச்சா மட்டும் போதாது. ஒண்ணா இருந்தது சிதறணும், சிதறின துண்டு ஒண்ணை ஒண்ணு விரோதமாப் பாக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த வார்த்தை."

அகராதியில் இரண்டு வரியில் இருப்பதுதான். ஆனால் அழுது வீங்கிய கண்ணோடு இருந்த ஒரு பையனுக்கு, அவன் துக்கத்தைக் குறைத்துப் பேசாமல் அவன் சொல்லை மட்டும் திருத்திக் கொடுத்தார். அந்தப் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?

1992 முழுவதும் சார் சிவப்புப் பென்சிலால் அந்தப் படத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஸ்லோவேனியா, குரோஷியா, மாசிடோனியா, போஸ்னியா, மிச்சமாக செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் என்று இளம்பச்சை ஐந்து துண்டானது. சரயேவோவைச் சுற்றி முற்றுகை தொடங்கியிருந்தது. 1993 ஜனவரி 1ஆம் தேதி செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோதும் ஒரு கோடு போட்டார். அதற்கு நீலப் பென்சில். பேசி, கையெழுத்துப் போட்டு, குண்டு வெடிக்காமல் பிரிந்தவர்கள் அவர்கள்.

ஒலியில் நெருங்கிய இன்னொரு சொல்லோடு குழம்பக் கூடாது என்று பள்ளிக்கு எதிரே இருந்த பஞ்சர் கடைப் பலகையைக் காட்டினார். மஞ்சள் பெயின்டில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருக்கும். கடைக்காரர் டியூபின் கிழிசலைத் தேய்த்து, ரப்பர்த் துண்டை வைத்து, இரும்புக் கவ்வியில் இறுக்கிச் சூடு கொடுப்பார். கருகல் வாசனை வகுப்புவரை வரும். ஆறிய பிறகு நகத்தால் பிய்த்துப் பார்த்தாலும் ஒட்டு வராது. அங்கே சூடு ஒட்டவைக்கிறது, பால்கனில் சூடு பிளக்கிறது என்றார். அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அந்த இரண்டையும் மாற்றி எழுதவில்லை.

1993 நவம்பரில் நான் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். சாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 9ஆம் தேதி போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்துப் பழைய பாலத்தை போஸ்னியக் குரோஷியர்களின் படை பீரங்கியால் அடித்து நெரெட்வா ஆற்றில் விழவைத்திருந்தது. 1566இல் கட்டி முடித்த கல் பாலம். சார் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: அடித்தவர்களும் அடிபட்டவர்களும் முந்தின வருடம் ஒரே அணியில் நின்றவர்கள், 1913ஐ நினைத்துப் பார். கீழே, "இப்போது அந்தச் சொல்லை எழுதலாம்" என்று ஒரு வரி. அந்தக் கார்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டம் ஆனபோது, அதே சிவப்பு நீலப் பென்சில் கணக்கில் அவருக்கு நான் ஒரு கார்டு போட்டேன்.

செயலாளர் தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் அண்ணா அந்த வரியை எடுத்துட்டீங்க என்று மட்டும் போனில் கேட்டார். இரண்டு குழுவாக விழா நடந்தது உண்மை, அதை அப்படியே 'இரண்டு இடங்களில் விழா நடந்தது' என்று எழுதியிருக்கிறேன் என்றேன். நீலப் பென்சில் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கத்துச் சர்க்கரைப் பொங்கல் எந்தப் பானையில் பொங்கியது என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துப் பெரிய வெண்கலப் பானைதான் அண்ணா. முந்தின நாள் ராத்திரி நான்தான் கார்ல கொண்டுபோய்க் கொடுத்தேன்."