குடுக்கிறதும் எடுக்கிறதும்

"குடுக்கிறது டெல்லி, எடுக்கிறது ராமேஸ்வரம். ரெண்டும் ஒரே இந்தியாதானே சேர்?"

கேட்டவள் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டியிலிருந்து வரும் என் மாணவி. ஏ.எல். (உயர்தர) அரசியல் விஞ்ஞான வகுப்பில், அயல்நாடுகள் பற்றிய இந்தியாவின் குஜ்ரால் கொள்கையை எடுத்துக்கொண்டிருந்தேன். "அது வேற விசயம் பிள்ளை, நாங்கள் இப்ப கொள்கையைத்தான் படிக்கிறம்" என்றேன். "சரி சேர்" என்று எழுதத் தொடங்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் அந்த "சரி" எனக்குச் சரியாகப்படவில்லை.

1996 இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ஐ.கே. குஜ்ரால் வகுத்த ஐந்து அம்சங்களில் முதலாவதைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நேபாளம், வங்காளதேசம், பூட்டான், மாலைதீவு, இலங்கை ஆகிய அயலவர்களிடம் இந்தியா பதிலுக்கு எதையும் கேட்காது, நல்லெண்ணத்தோடு தன்னால் இயன்றதைக் கொடுக்கும் என்பது அது. உதாரணத்துக்கு அதே வருடக் கடைசியில் வங்காளதேசத்தோடு செய்த கங்கை நீர் ஒப்பந்தத்தைச் சொல்லுவேன். 30 வருட ஒப்பந்தம், நல்ல உதாரணம். சும்மா இருந்திருக்கலாம். நம்மூர் உதாரணமும் வேண்டுமென்று 2022 நெருக்கடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசி, பால்மா, இந்திய உதவியோடு திருத்திய பலாலி விமான நிலையம், நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் என்று அடுக்கினேன். அங்கேதான் அவள் கையைத் தூக்கினாள்.

அவளுடைய தகப்பன் கடற்றொழிலாளி. திங்கள், புதன், சனிகளில் தமிழ்நாட்டு றோலர்கள் (இழுவைப் படகுகள்) வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் வலை விடுவார். அதையும் மீறி விட்டால் றோலர்கள் வலையை அறுத்துவிட, காலையில் மிதவைதான் மிச்சம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும்தான் அப்பா இரவில் நிம்மதியாக நித்திரை கொள்கிறார் என்று அவள் முன்பொருமுறை சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலாவது அம்சம் எப்படிக் கேட்டிருக்கும்?

ஆனால் நான் சொன்னதில் பிழை என்ன என்றும் தோன்றுகிறது. கொள்கை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. றோலர் தனியார் முதலாளியின் சொத்து. அதில் வருகிறவன் கூலிக்கு வருகிறவன். அவனும் தமிழன், பிடிபட்டால் அவன் வீட்டிலும் அழுகைதான். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருடம் இந்தியாவும் பாக்கு நீரிணை றோலர்களை ஆழ்கடலுக்கு மாற்றுகிறோம் என்று திட்டம் தொடங்கி, மூன்று வருடத்தில் 2,000 படகு என்று இலக்கு வைத்தது. இலக்கின் கிட்டக்கூடப் போகவில்லை. டெல்லி விரும்பவில்லையா, சென்னை விடவில்லையா என்று வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? இதற்குள் எங்கள் பக்கத்திலும் இழுவை மடி வைத்திருந்தவர்கள் உண்டு என்பதை யார் சொல்வது? ஆக, வேறு விசயம் என்றது நியாயம்தான்.

நியாயம் என்றால் ஏன் இன்னும் யோசிக்கிறேன்?

ஒரு காரணம், பின்வாங்கில் இருந்த பெடியன். "எங்கட வீடே இந்தியன் வீட்டுத் திட்டத்தில கட்டினது" என்று அவளைப் பார்த்துச் சொன்னான். 50,000 வீடுகளில் ஒன்று. சும்மா சொன்னானா, வாயை மூடு என்று சொன்னானா தெரியவில்லை. இரண்டு பேரையும் பேச விட்டிருந்தால் அன்றைக்கு உண்மையான அரசியல் விஞ்ஞான வகுப்பு ஒன்று நடந்திருக்கும். நான் நிறுத்தினேன். அலகு முடிக்க வேண்டும், தவணைப் பரீட்சை நெருங்குகிறது என்பதெல்லாம் உண்மை. இந்தியாவைப் பற்றி வகுப்பில் பேசினால் கதை வெளியே எப்படிப் போகும் என்ற தயக்கமும் உண்மை. எது முதலில் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

எங்கள் வயதுக்காரருக்கு இந்தத் தயக்கம் புதிதல்ல. 1987 ஜூன் 3 இல் இந்தியாவின் உதவிப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்ப, மறுநாள் இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதி போட்டன. அம்மா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டா. ஜூலையில் ஒப்பந்தம், அதில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தோடு வந்த இந்தியப் படையோடேயே ஒக்டோபரில் புலிகளுக்கு யுத்தம். கும்பிட்ட அதே அம்மா எங்களை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினா. அதற்குப் பிறகும் இந்தியாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தையும் குறைந்துவிட்டது. எல்லாத்தையும் வேறு வேறாக வைத்துப் பழகிய ஆட்கள் நாங்கள். அதையே பிள்ளைக்கும் பழக்கினேனோ?

தவணைப் பரீட்சையில் ஐந்து அம்சங்களையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். கீழே, கேளாமலே ஒரு வரி: "மீனவர் பிரச்சினை இருதரப்பு உறவுடன் தொடர்பற்றது." நான் அப்படிச் சொல்லவில்லை. கச்சதீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தமும், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக்கூடாது என்ற 1976 ஒப்பந்தமும் இருதரப்பு உறவு இல்லாமல் வேறென்ன? இரு அரசுகளும் சந்திக்கும்போதெல்லாம் மீனவர் விடயம் பேசப்படுகிறதே. வெட்டியிருக்கலாம். வெட்டினால் காரணம் எழுத வேண்டும். முழுப் புள்ளியும் போட்டேன்.

இந்த வருடக் குறிப்பில் அந்த இரண்டு ஒப்பந்தங்களையும் 2017 சட்டத்தையும் முதலாவது அம்சத்துக்குக் கீழேயே சேர்த்திருக்கிறேன். பொருளியல் படிப்பிக்கிற நண்பர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இது சோதினைக்கு வராது, ஏன் வீணா பிள்ளையளைக் குழப்புறியள்?" என்றார். குழம்பட்டும் என்றேன். "அப்ப எப்பிடிப் புள்ளி போடுவியள்?" என்று கேட்டார். அதைப் பற்றி நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.