பணகுடிக் காற்றும் என் ஏர் ரைஃபிளும்

ஐம்பது மீட்டர் குறிக்காக ஒரு பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை (ஸ்பிரிங் காற்றை அழுத்திச் சுடுகிற துப்பாக்கி) தேற்றிக்கொண்டிருக்கிறேன். குழல் விட்டம் 0.177 அங்குலம், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். அதனால்தான் இந்த வழி.

முதலில் மலிவு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டினேன். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் இழுக்கும். ஒரே வாரத்தில் உள்ளே குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது! அப்புறம் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப். மிச்சக் காசு நாலைந்து வகை பெல்லட்டுக்கு, அதாவது சின்ன ஈயக் குண்டுக்கு. எது ஒரே இடத்தில் குவிகிறதோ அதுதான் நம் குழலுக்கு. (விலை கூடினது தோற்றது.)

குறிக்குப் பின்னால் ஆளுயர மண்மேடும் போட்டாயிற்று. சரி என்று பார்த்தால் ஆனி பிறந்துவிட்டது. எங்கள் பணகுடியில் காற்றாலையையே சுழற்றுகிற காற்று அரை கிராம் ஈயத்தை விடுமா? ஒரு சாண் தள்ளிப் போகிறது.

"ஏல, தாளையே தொடல, எதுக்குல இம்புட்டுச் செலவு?" என்கிறார் பெரியப்பா.