டெல்லி வெயிலில் ரைசன் 5800எக்ஸ்: அண்டர்வோல்ட் செய்து பார்த்த அனுபவம்

மே மாதம் டெல்லியில் ஏசி போடாத அறை இரவு பத்து மணிக்கும் 36 டிகிரியில்தான் நிற்கும். எவ்வளவு நல்ல கூலர் வாங்கினாலும் அது அந்தக் காற்றை இழுத்துத்தான் ப்ராசசரைக் குளிர்விக்க வேண்டும். அதனால் குளிர் நாட்டுக்காரர்கள் 21 டிகிரி அறையில் எடுத்துப் போடும் அளவுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், மயூர் விஹாரில் இருக்கும் நமக்கு அதோடு 15 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர், பி550 மதர்போர்டு, 120 மிமீ ஃபேன் ஒன்று வைத்த டவர் கூலர். ப்ராசசரை முழுச் சுமையில் ஓட்டி மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓட விட்டால் கொஞ்ச நேரத்திலேயே 90 டிகிரி. ஏஎம்டி இந்த ப்ராசசருக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே அதுதான், அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் கருகிப் போகும் என்ற பயம் வேண்டாம். ஆனால் ஃபேன் முழு வேகத்தில் அலறும். அதே அறையில் மனைவி சிறுவர்களுக்கான தமிழ்ப் பாடங்களைக் குரலில் பதிவு செய்வார், நான் இந்தப் பக்கம் வீடியோ என்கோட் (வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை) போட்டிருப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது என்றிருந்தது.

கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில் கேட்டால் முதலில் வரும் பதில் 240 மிமீ லிக்விட் கூலர். அது நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலர் எதுவாக இருந்தாலும் சூட்டை இடம் மாற்றுமே தவிர குறைக்காது, ப்ராசசரில் இருந்த 130 வாட் சூடு அறைக்குள்தான் வந்து விழும். சூடு உண்டாவதையே குறைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கான வழிதான் அண்டர்வோல்ட், அதாவது ப்ராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது.

5800எக்ஸ் ஏன் இப்படிச் சுடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும் பிபிடி எனப்படும் உண்மையான மின்வரம்பு 142 வாட். 12 கோர் (கணக்குப் போடும் பகுதி) கொண்ட 5900எக்ஸுக்கும் அதே 142தான், ஆனால் அதில் இரண்டு சிப்லெட்கள் (கோர்கள் இருக்கும் சிறு சிலிக்கான் துண்டுகள்) அந்தச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம்முடையதில் எட்டு கோரும் சுமார் 80 சதுர மிமீ அளவுள்ள ஒரே சிப்லெட்டில் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூட்டை வெளியே எடுப்பதே கஷ்டம். அப்புறம், தயாரிப்பில் வரும் சுமாரான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சற்றுக் கூடுதல் வோல்டேஜ் வைத்தே அனுப்புகிறார்கள். அந்தக் கூடுதலைத்தான் நாம் எடுக்கப் போகிறோம். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், அதே வேகத்தில் 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் செலவு சுமார் 15 சதவீதம் இறங்கும்.

அளக்கத் தொடங்கும் முன் கேபினெட்டின் தூசி வடிகட்டியையும் கூலரின் துடுப்புகளையும் சுத்தம் செய்தேன். இங்கே ஒரு ஆந்தி (புழுதிப் புயல்) அடித்து ஓய்ந்தாலே வடிகட்டி பழுப்பாகிவிடும். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பழைய முறையில் நேராக வோல்டேஜையே ஒரு அளவு (ஆஃப்செட்) குறைக்கலாம். ரைசன் 5000 வரிசையில் அது எனக்குப் பிடிக்கவில்லை. திரையில் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும், வோல்டேஜ் போதாவிட்டால் ப்ராசசர் உள்ளுக்குள் கடிகாரத் துடிப்பை நீட்டி உண்மை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மதிப்பெண் மட்டும் இறங்கும். அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எனவே பயாஸில் பிபிஓ எனப்படும் பூஸ்ட் அமைப்புப் பகுதிக்குள் இருக்கும், கோர்வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசருக்குப் போனேன். அதில் ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 30 வரை கொடுக்கலாம், ஒரு எண்ணுக்குத் தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட்.

எல்லாக் கோருக்கும் மைனஸ் 15 கொடுத்து ஓட்டினேன். வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை, அதே 90. ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் 14,700இலிருந்து 15,200க்கு ஏறியிருந்தது. பலர் இந்த இடத்தில் 'அண்டர்வோல்ட் வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது! மிச்சமான மின்சாரத்தை ப்ராசசர் வேகமாக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். வரம்பு எதுவரை விடுகிறதோ அதுவரை ஏறிப் போவதுதான் ரைசனின் பூஸ்ட் முறை. என் அறையில் அது 142 வாட்டை எட்டும் முன்பே, 128 வாட் அளவில், 90 டிகிரியில் முட்டி நின்றது. வோல்டேஜைக் குறைத்த பிறகும் அங்கேயேதான் போய் முட்டும். குளிர்ச்சி வேண்டுமென்றால் வரம்பையும் சேர்த்து இறக்க வேண்டும்.

சரி, பிபிடியை 100 வாட் ஆக்கினேன், டிடிசி, இடிசி என்ற மின்னோட்ட வரம்புகள் இரண்டையும் வழக்கமான 95, 140 ஆம்பியரிலேயே விட்டுவிட்டேன். அதே அறை, அதே சூடு, 77 டிகிரி. மதிப்பெண் 15,000. அதாவது வாங்கியபடியே ஓடியபோது கிடைத்ததைவிட அதிகம், 13 டிகிரி குறைவு. 65 வாட் ஈகோ மோடுக்கு (மின்சிக்கன அமைப்பு) இணையான 88 வாட்டையும் பார்த்தேன்: 72 டிகிரி, 14,500. என்கோட் வேலைக்கு 100 போதுமென்று அதிலேயே நின்றுவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டிய வேலை. மைனஸ் 30 வைத்தாலும் சினிபெஞ்ச் முழுதாக ஓடி முடிக்கும், அதை வைத்து நிலையாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது வேகமும் வோல்டேஜும் நடுத்தரமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கோர் 4.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பாயும் நொடியில், சும்மா பிரவுசர் திறக்கும்போது, கணினி திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். என்னிடமும் மைனஸ் 30இல் அப்படித்தான் ஆனது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 18ஆம் எண் பதிவு இருக்கும், அதில் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் வரும். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் என்பதால் அதை இரண்டால் வகுத்தால் தடுமாறிய கோர் எதுவென்று தெரிந்துவிடும்: 8 அல்லது 9 என்றால் நான்காம் கோர், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்.

இதற்கென்றே கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரைம்95 என்ற சோதனையை ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓட்டிக்கொண்டே போகும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எந்தக் கோர் பிழை விட்டது என்று பதிவில் இருக்கும், அந்தக் கோருக்கு மட்டும் சில எண்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்கள்தான் குறைப்பை அதிகம் தாங்கவில்லை, ஏற்கெனவே அவை குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓடுபவை. கடைசியில் அந்த இரண்டுக்கும் மைனஸ் 8, மைனஸ் 12, மற்ற ஆறுக்கும் மைனஸ் 25. இவை என் சிப்புக்கான எண்கள், அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம்.

வெப்பம் இறங்கினால் சத்தம் தானாக அடங்கிவிடாது. ரைசனில் ஒரு விண்டோ திறந்தாலே ஒரு கணம் 10, 15 டிகிரி துள்ளும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். ஒரே சீராக ஓடும் ஃபேனைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மைக்கில் தெளிவாக விழுகிறது. 70 டிகிரி வரை ஃபேன் 40 சதவீதத்திலேயே நிற்கும்படி பயாஸில் ஃபேன் வேகத்தின் வரைகோட்டைத் தட்டையாக்கி, அதன் பிறகு மெதுவாக ஏறும்படி வைத்தேன், வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதமும் கொடுத்தேன். முழுச் சுமையிலும் 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இப்போது என்கோட் ஓடும்போதே பதிவு நடக்கிறது, மிச்சமிருக்கும் லேசான இரைச்சலை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எடுத்துவிட முடிகிறது.

மின்கட்டணத்துக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். 28 வாட் மிச்சம், தினம் நாலு மணி நேரம் என்றால் மாதம் மூன்று நான்கு யூனிட். டெல்லியில் 200 யூனிட்டுக்குள் நின்றால் பில் பூஜ்யம் என்று மானியம் இருப்பதால் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் உதவும், மே மாதத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்!

ஒன்று மட்டும் கவனியுங்கள்: பயாஸ் அப்டேட் செய்தால் இந்த மதிப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும், சேமித்து வைத்த ப்ரொஃபைலைப் புதிய பதிப்பு ஏற்காமலும் போகலாம். பிபிஓ பக்கத்தையும் ஃபேன் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு அதே எண்களைப் போட்டாலும் கோர்சைக்ளரை இன்னொரு இரவு ஓட்டிவிடுங்கள்.